ஓடுதாளா, ஓடிட்டாளா?

இந்த வயதில் ரத்த அழுத்தம் இவ்வளவு இருக்கக் கூடாது என்றார் தென்காசி டாக்டர். சில மாதங்களாகவே எனக்குச் சரியான தூக்கம் இல்லை. படுத்தால் நெஞ்சு படபடக்கும். "உப்பைக் குறைங்க. காலையில மெதுவா ஓடுங்க. அப்பவும் குறையலைன்னா மாத்திரைதான்" என்றார். அம்மாவின் முகம் வாடிவிட்டது. எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

"மாத்திரை போடுத பிள்ளைன்னு தெரிஞ்சா எவன் வருவான்?" என்று ஆட்டோவிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கும் மாத்திரை வேண்டாம். ஆனால் ஓட்டத்தின் மேலும் நம்பிக்கை இல்லை. நான் மென்பொருள் சோதிப்பவள். 'எல்லாம் சரியாகிவிட்டது' என்று யாராவது சொன்னால் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஓடினால் இதயம் வலுவாகும், எடை குறையும், மனம் தெளியும், தூக்கம் வரும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒரே சரக்கு இத்தனைக்கும் மருந்து என்றால், அது பேருந்து நிலையத்தில் மைக் வைத்து விற்கிற லேகியமாகத்தான் இருக்கும்.

இருந்தாலும் மேலகரத்திலிருந்து குற்றாலம் சாலையில் ஓட ஆரம்பித்தேன். சாரல் காலம். திரும்பும்போது எதிரே அருவிக்குப் போகிறவர்களுக்கு நான் ஓடுகிறேன் என்பது முக்கியமில்லை. குற்றாலம் பக்கமிருந்து வருகிறேன் என்பதுதான் முக்கியம்.

"யம்மா, ஐந்தருவில தண்ணி நல்லா விழுதா?"

"தெரியாது அண்ணாச்சி. நான் அங்க போகல."

"குளிக்காமலா இப்படி நனைஞ்சிருக்க?"

முதலில் விலாவில் குத்தியது, கெண்டைக்கால் இறுகியது. பிறகு ஒருநாள், இலஞ்சிக்குப் பிரியும் இடம் வரை மூச்சு வாங்காமல் வந்துவிட்டதைத் திரும்பும்போதுதான் கவனித்தேன். படுத்ததும் தூங்கினேன். அலுவலகக் கூட்டத்தில் யாராவது குரலை உயர்த்தினால் என் குரலும் உயர்வது நின்றது. டாக்டர் பார்த்தபோது அழுத்தம் இறங்கியிருந்தது. மற்ற கையிலும் பார்க்கச் சொன்னேன்.

"கைக்குக் கை மாத்தியா பேசும்?" என்றாள் அம்மா.

என் சந்தேகம் போகவில்லை. உப்பைக் குறைத்திருந்தேன், காபியை விட்டிருந்தேன், ஊரே குளிர்ந்து கிடந்தது. இத்தனையையும் ஒன்றாக மாற்றிவிட்டு ஓட்டத்துக்கு மட்டும் பேர் கொடுப்பது எப்படி? அதை மட்டும் நிறுத்திப் பார்த்தால் தெரியும். நிறுத்த எனக்குத் துணிவில்லை.

ஊர் நிறுத்தி வைத்தது. பேருந்திலிருந்து என்னைப் பார்த்த சொந்தக்காரர் ஒருவர், பிள்ளை குற்றாலம் ரோட்டில் ஓடுகிறாள் என்று யாரிடமோ சொல்லியிருக்கிறார். செய்தி திருவேங்கடத்து அத்தையிடம் போய்ச் சேர்வதற்குள் நிகழ்காலம் இறந்தகாலமாகிவிட்டது. காலையிலேயே அம்மாவுக்குப் போன். ஸ்பீக்கரில் வீடே கேட்டது.

"மதினி, ஒங்க மக ஓடிட்டாளாமே! பையன் எந்த ஊரு?"

"என்ன சொல்லுத நீ? இங்கன உக்காந்து இட்லி திங்கா."

"அப்ப திரும்பி வந்துட்டாளா?"

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "நாம ஓடுதாள்னு சொன்னாலும் ஊருக்கு ஓடிட்டாள்னுதான் கேக்கும். போதும்ட்டி. மாடியில நட" என்றாள்.

மற்ற எதுவும் மாறவில்லை. அதே உப்பு, அதே சாரல், காபியும் கிடையாது. மாடியில் நடந்தும் பார்த்தேன். சில நாட்களில் படபடப்பு திரும்பியது, தூக்கம் போனது. ஒரு கூட்டத்தில் கத்திவிட்டு மன்னிப்புக் கேட்டேன். நான் செய்யத் துணியாத சோதனை என்னைக் கேட்காமலே நடந்து முடிந்திருந்தது.

அடுத்த முறை டாக்டர் என் கையிலிருந்த பட்டையைக் கழற்றியதும் பேனாவை எடுத்தார். "ஓடுறதை விட்டாச்சா?"

மற்ற கையிலும் பார்க்கச் சொன்னது இந்த முறை அம்மா. அங்கும் அதே கதைதான்.

"நாளையிலருந்து ஓடுவா டாக்டர். மாத்திரையை இப்ப எழுதாதீங்க."

"ஒரு மாசம் பாப்போம். அப்பவும் குறையலைன்னா எழுதத்தான் வேணும்."

மறுநாள் காலை நான் ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போதே அம்மா அத்தைக்குப் போன் போட்டாள்.

"நல்லா கேட்டுக்கோ. என் மக தினம் ஓடுதா. தினம் திரும்பி வாரா. மாப்பிள்ளை வீட்டுல கேட்டாலும் இதையே சொல்லு."