எட்டுப் பக்க விளக்கக் கடிதம்

காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர் பதிவாகியிருப்பது மட்டுமே ஒருவருக்குப் பாஸ்போர்ட் மறுக்கக் காரணமாகாது. வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றிருக்க வேண்டும். இதுதான் விதி. திருச்சியில் குற்றவியல் நீதிமன்ற அலுவலகத்தில் கோப்பு பார்த்தே ஓய்வு பெற்ற எனக்கு இது தூக்கத்திலும் தெரியும். தெரிந்திருந்தும்தான் கெடுத்தேன்.

என் தங்கை மகன் கிளப்புகளுக்குச் சம்பளத்துக்கு ஆடும் கால்பந்துக்காரன். அரியமங்கலத்தில் ஒரு டீக்கடையில், ‘நீ காசு வாங்கிக்கிட்டு மேட்சை வித்துட்டே’ என்று சொன்னவன்மேல் கிளாஸை எறிந்தான். எஃப்.ஐ.ஆர் ஆனது, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போகவில்லை. அந்தச் சமயம் பார்த்து மலேசியாவில் ஒரு கிளப் கூப்பிட்டது. ஜூலை முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது. முப்பத்தொரு வயதுக்காரனை இன்னொரு முறை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

விண்ணப்பத்தில், நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் உள்ளதா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று போட்டான். சரியான பதில். நான் விடவில்லை. கேட்காததையும் இணைத்து அனுப்பிவிட்டால் பின்னால் யாரும் நம்மைக் கேட்க முடியாது என்பது எங்கள் அலுவலகப் பழக்கம். ஸ்ரீரங்கம் வீட்டில் உட்கார்ந்து எட்டுப் பக்கம் எழுதினேன். டீ கிளாஸோடு நிறுத்தவில்லை. சித்திரை வீதியில் பைக்கை ஒற்றைச் சக்கரத்தில் ஓட்டியது, கால்பந்து நடுவரின் காரை மறித்தது, கல்யாண மண்டபத்தில் போட்டோகிராபரின் கேமராவைப் பிடுங்கியது, எல்லாவற்றையும் பத்தி பிரித்து, பத்திரிகைத் துணுக்குகளோடு.

“இதெல்லாம் யாரு மாமா கேட்டா?”

“கேக்கறதுக்கு முன்னாடி சொல்லிடறதுதான்டா முறை.”

“நீங்க எனக்கு மாமாவா, அரசுத் தரப்பு சாட்சியா?”

விசாரணைக்கு வந்த காவலர் காபியை முடித்துவிட்டுச் சொன்னார்: “சார், ஸ்டேஷன்ல இருக்கறது டீ கிளாஸ் மட்டுந்தான். மத்த மூணும் உங்க லெட்டரைப் படிச்சுத்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. இனிமே விசாரிக்காம விட முடியாதுங்களே.”

விசாரித்தார்கள். போட்டோகிராபரைக் கண்டுபிடிக்கவே ஒரு மாதம். நான் விதியை மேற்கோள் காட்டி பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு மூன்று நினைவூட்டல் அனுப்பினேன். நான் வேலையில் இருந்தபோது அப்படி வந்தவற்றை எந்தக் கோப்புக்கு அடியில் செருகுவேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

கொள்ளிடம் மணலில் தினமும் விடிகாலையில் ஓடிக்கொண்டிருந்தவன், ஜூலை கடைசி வாரத்தில் ஓடுவதை நிறுத்தினான். ஆகஸ்ட் முதல் தேதி மலேசிய கிளப் வேறொருவனை எடுத்துக்கொண்டது. நாலு திட்டாவது திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். “விடுங்க மாமா” என்றான். தங்கைதான் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

விண்ணப்பதாரருக்குப் பாஸ்போர்ட் வழங்கத் தடையேதும் இல்லை என்ற பதில் எனக்கு வந்து சேர்ந்தது ஆடிப்பெருக்கன்று, ஆகஸ்ட் மூன்றாம் தேதி.