அடுத்த அறை மணி

காலை ஒன்பது மணியானால் ருக்மிணியின் லேப்டாப் நொய்டாவுக்குப் போய்விடும். அது இருப்பது என்னவோ டெல்லி கரோல் பாக்கில், மூன்றாவது மாடியில், பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே விரித்த மடக்கு மேஜையில்தான். ஆனால் வி.பி.என். என்ற ஒன்றை இணைத்த மறு நிமிடம் அது நொய்டா ஆபீசுக்குள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளும். வீட்டிலுள்ள வேறு எந்தக் கருவியோடும் பேச்சு வார்த்தை கிடையாது. வாடிக்கையாளர் விவரம் வெளியே கசிந்துவிடக் கூடாது என்பதற்காகக் கம்பெனி செய்திருந்த ஏற்பாடு அது.

அது ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி. தமிழ்நாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்வது ருக்மிணியின் வேலை. பதினோரு வருடம் மெட்ரோ பிடித்துப் போய்வந்தவள், கணவர் ஜம்புவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு கெஞ்சிக் கூத்தாடி வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கினாள். கூடவே நிபந்தனைகளும் வந்தன. அறைக் கதவு சாத்தியிருக்க வேண்டும். உள்ளே செல்போன் கூடாது. அழைப்பில் வீட்டுச் சத்தம் கேட்கக் கூடாது.

ஜம்பு மத்திய அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்தவர். வாய் ஓயாத மனிதர். காய்கறி வண்டிக்காரரிடம் ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கப் போனால் அரை மணி நேரம் ஆகும். அவருக்கு வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போனது. புத்தி மட்டும் துளி மங்காமல் அப்படியே இருந்தது. அதுவும் போயிருந்தால் தேவலை என்று ருக்மிணி ஒன்றிரண்டு முறை நினைத்துவிட்டு, நினைத்ததற்காக அழுதிருக்கிறாள்.

வேண்டும்போது கூப்பிட, முதலில் பூஜை மணியைத்தான் அவருடைய இடது கையில் கொடுத்தாள். ஓர் அழைப்பில் அந்தச் சத்தம் பதிவாகிவிட்டது. "கோயில்லேர்ந்து பேசறீங்களா மேடம்?" என்று கேட்ட சூப்பர்வைசர், அவளுடைய அந்த மாத வேலை மதிப்பெண்ணைக் குறைத்ததோடு, காதை முழுக்க மூடுகிற ஹெட்போன் ஒன்றையும் அனுப்பிவைத்தார். அதை மாட்டிக்கொண்ட பிறகு மணி ருக்மிணிக்கே கேட்கவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த மது என்ற பெண்தான் வழி சொன்னாள். ஒரு டேப்லெட்டில் படங்கள்: தண்ணீர், பாத்ரூம், வெக்கை, வலி, வா. ஜம்பு விரலால் தொட்டால், வீட்டு வைஃபை வழியாக அந்தப் படம் ருக்மிணியின் லேப்டாப்பில் வரும். ஹெட்போனுக்குள் மட்டும் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஆறாவதாக ஒன்றை ஜம்பு அடம்பிடித்து, எழுத்தெழுத்தாகத் தொட்டுக் காட்டி, கேட்டு வாங்கினார். 'சும்மா.'

எல்லாம் சரி, வி.பி.என்.னை இணைத்ததும் டிங் நின்றுபோனது. ருக்மிணி கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு போன் செய்தாள். எடுத்தவன் ப்ரணவ், டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன்.

"எங்காத்துக்காரர் பேச முடியாம படுத்துண்டிருக்கார் ப்ரணவ். பத்தடி தள்ளித்தான் இருக்கார். ஆனா அவர் கூப்பிட்டா எனக்குத் தெரியறதில்லை."

"அச்சா ஆன்ட்டி, புரியுது. ஆபீஸ் டேட்டா மட்டும் வி.பி.என். வழியா போகும், வீட்டு நெட்வொர்க் தனியா ஓடும், அப்படி ஒரு எக்ஸெப்ஷன் வாங்கலாம். அப்ரூவல் வேணும். நான் ட்ரை பண்றேன்."

மூன்று வாரம் அலைந்து அந்த விதிவிலக்கை வாங்கியும் கொடுத்தான். நல்ல பிள்ளை.

அதன் பிறகு ஒரு வருடம் அந்த வீட்டில் வாழ்க்கை என்று ஒன்று இருந்தது. காலையில் இணைத்ததும், "ஏன்னா, அழுத்துங்கோ பாப்போம்" என்று குரல் கொடுப்பாள். ஒரு டிங் வரும். கதவைச் சாத்திக்கொள்வாள். நடுநடுவே யாராவது வாடிக்கையாளர் கத்தினால், சுவருக்கு அந்தப் பக்கம் ருக்மிணியின் குரல் தணிவதைக் கேட்டே ஜம்புவுக்குத் தெரிந்துவிடும். உடனே ஒரு 'சும்மா' வரும். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் பேசிய பேச்செல்லாம் சுண்டி அந்த ஒரு சத்தத்தில் வந்து நின்றிருந்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

மே மாதக் கடைசி வாரம். வெயில் கொளுத்தியது. அன்று காலையும் அழுத்தச் சொன்னாள், டிங் வந்தது. பதினோரு மணிக்கு லேப்டாப் தானாக எதையோ புதுப்பித்துக்கொண்டது. வி.பி.என். ஒரு நிமிடம் அறுந்து, தானே மறுபடி இணைந்தது. வேலை கெடவில்லை என்று நிம்மதியானாள். இன்னொரு முறை அழுத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பன்னிரண்டு மணி இடைவேளையில் எழுந்து போயிருக்கலாம். மதுரையிலிருந்து ஒரு பெண் அழுதுகொண்டே பேசிக்கொண்டிருந்தாள். அவளைப் பாதியில் விட மனம் வரவில்லை. இரண்டு பேர் லீவு என்பதால் சாப்பாட்டு நேரமும் தள்ளிப்போனது. ஜம்பு ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. பாவம், நன்றாகத் தூங்குகிறார் என்று சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தை அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

இரண்டேகாலுக்குக் கதவைத் திறந்தபோது நாற்றம்தான் முதலில் வந்தது. கூலரில் தண்ணீர் வற்றி, அது வெறும் அனல் காற்றை அவர் மேல் வீசிக்கொண்டிருந்தது. படுக்கை முழுக்க நனைந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. இடது கை டேப்லெட்டின் மேலேயே கிடந்தது.

திரையில் வரிசையாக அவர் அழுத்தியதெல்லாம் இருந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்பில், 'போய்ச் சேரவில்லை.' பதினொன்று இருபதுக்கு ஒரு 'சும்மா.' பிறகு வெக்கை. வெக்கை. தண்ணீர். பாத்ரூம், பாத்ரூம், பாத்ரூம். அதற்குப் பிறகு பாத்ரூம் இல்லை. தண்ணீர் மட்டும். கடைசியில் வா, வா என்று விரல் ஓயும்வரை.

அவள் குரல் அத்தனை நேரமும் அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்திருக்கும். மதுரைக்காரிக்கு ஆறுதல் சொன்னது, இன்னொருவரிடம் சிரித்தது, "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" என்று ஒவ்வொருவரிடமும் மறக்காமல் கேட்டது. எல்லாம் கேட்டிருக்கும்.

"எனக்குத் தெரியலைன்னா. சத்தியமா எனக்கு ஒண்ணுமே வரலை."

ஜம்பு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து நர்சிங் ஹோமில் இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றி அனுப்பினார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். வீடு திரும்பியதும் ருக்மிணி ப்ரணவுக்கு போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"புது வெர்ஷன்ல பழைய எக்ஸெப்ஷன் எல்லாம் போயிடுச்சு ஆன்ட்டி. மெயில் அனுப்பியிருந்தாங்க." குரல் உள்ளே போயிருந்தது. "சாரி ஆன்ட்டி. இதோ, ஜல்தி பண்ணிடறேன்."

பத்தே நிமிடத்தில் செய்துவிட்டான்.

ருக்மிணி அடுத்த அறைக்குப் போனாள். "ஏன்னா, சரியாயிடுத்து. ஒரே ஒரு தடவை அழுத்துங்கோ பாப்போம்." அவர் அசையவில்லை. அவள் அவருடைய விரலைப் பிடித்து 'சும்மா'வின் மேல் வைத்து அழுத்தினாள். திறந்த கதவு வழியே, மேஜையில் கிடந்த ஹெட்போனுக்குள் டிங் என்று மெல்லக் கேட்டது. விரலை விட்டாள். அது மெத்தையில் விழுந்தது.

ஒன்பது வாரம் ஆகிவிட்டது. அரை மணிக்கு ஒரு முறை அவளே எழுந்துபோய்த் தண்ணீர் கொடுக்கிறாள், சிறுநீர்ப் பாத்திரம் வைக்கிறாள். மதிப்பெண் இறங்கிக்கொண்டே வருகிறது. அவர் எதற்கும் முரண்டு பிடிப்பதில்லை, கொடுத்தால் குடிக்கிறார். டேப்லெட்டை முழுசாகச் சார்ஜ் ஏற்றித் தினமும் அவர் கைக்கடியில் வைக்கிறாள். வாடிக்கையாளர் கத்தும்போது, பழக்கத்தில், ஒரு கணம் காத்திருக்கிறாள்.

போன வாரம் ப்ரணவ் கூப்பிட்டான். "ஆன்ட்டி, உங்க கம்ப்ளெய்ன்ட் இன்னும் ஓபனா காட்டுது. கனெக்‌ஷன் இப்ப சரியா இருக்கில்ல? க்ளோஸ் பண்ணிடட்டுமா?"

ருக்மிணி திரையைப் பார்த்தாள். மூலையில் டேப்லெட்டின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

"இருக்கு," என்றாள். "பண்ணிடுப்பா."