ஆழ்வார்குறிச்சியில் கரி போட்ட வயல்

சென்னை ரயில் என்னைத் திருநெல்வேலியில் இறக்கிவிட்டபோது காலை ஏழு மணி. நிலையத்துக்கு வெளியே பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ குடித்துவிட்டு, செங்கோட்டை பாசஞ்சரில் ஜன்னலோரம் இடம் பிடித்தேன். ஆழ்வார்குறிச்சியில் என் மனைவி மீனா இருக்கிறாள். மண் ஆராய்ச்சி வேலையாகப் புரட்டாசியில் வந்தவள். இது மாசி. பிசானப் பருவத்து நெல் அறுவடைக்கு வந்துவிட்டது, அவள் வேலையும் முடிகிறது, கையோடு அழைத்துப் போய்விடலாம் என்று கிளம்பியிருந்தேன்.

சேரன்மகாதேவி தாண்டியதும் இரண்டு பக்கமும் முற்றிய நெல். எதிரே பூக்கூடையோடு இருந்த அம்மா, "எங்கன போறிய?" என்று கேட்டார். சென்னையிலிருந்து மனைவியைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன்.

"அவுக இங்கன, நீங்க அங்கனயா? சோறு யாரு பொங்குதா?"

"நானேதான்."

"அதுவும் சரிதான்" என்றார். ஆனால் கல்லிடைக்குறிச்சி தாண்டி ரயில் தாமிரபரணியைக் கடக்கும் வரை என்னைப் பாவமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆழ்வார்குறிச்சியில் மீனா நின்றிருந்தாள். கறுத்து, மெலிந்து, நகக்கண்ணெல்லாம் கரி. பையை வாங்கிக்கொண்டு, "வெயில் ஏறதுக்குள்ள வயலுக்குப் போயிடணும்" என்றாள். ஆட்டோவில் எண்பது ரூபாய். வழியெல்லாம் வயலைப் பற்றியே பேசினாள்.

வயல் இசக்கியம்மாளுடையது. கணவர் திருப்பூரில் இருக்க, விவசாயத்தைத் தனியாகப் பார்க்கிறவர். வரப்பின் ஓரத்தில் பெரிய இரும்பு உருளை ஒன்று நின்றது. ரைஸ் மில் உமியை அதில் போட்டு, காற்று அதிகம் புகாமல் சுடுகிறார்கள். வெட்டவெளியில் கொளுத்தினால் சாம்பலும் புகையுமாகப் போய்விடும். இப்படிச் சுட்டால் கரியாக நிற்கும். மண்ணில் கலந்துவிட்டால் தலைமுறை தாண்டியும் அங்கேயே கிடக்கும் என்றாள் மீனா. தண்ணீர் கட்டிய வயலிலிருந்து மீத்தேன் கிளம்புகிறது. யூரியா போட்ட மண்ணிலிருந்து வேறொரு வாயு. இரண்டும் பூமியைச் சூடாக்குபவை. கரி இவற்றைக் குறைக்கிறதா என்பதுதான் அவள் கேள்வி. அதற்காகப் பாதி வயலில் கரி போட்டு, மீதியைச் சும்மா விட்டிருந்தாள்.

சேற்றின் மேல் போட்ட பலகையில் இருவரும் ஏறி நின்றோம். பயிரின் மேல் கண்ணாடி போன்ற ஒரு பெட்டியைக் கவிழ்த்தாள்.

"கீழ இறங்கிடாதீங்க. சேத்த மிதிச்சா அடியில இருக்கற வாயு மொத்தமும் கிளம்பிடும்."

ஊசியால் பெட்டிக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சிச் சின்னக் குப்பிகளில் அடைத்தாள். ஒரு சாண் தூரத்தில் அவள் தோள். ஐந்து மாதம் கழித்துப் பார்க்கிறேன். அவள் கண்ணோ கடிகாரத்தில். எனக்கு அந்தப் பெட்டியின் மேல் பொறாமையாக இருந்தது.

மதியம் இசக்கியம்மாள் வீட்டில் சாப்பாடு. தேங்காய்ப்பால் சொதியைச் சோற்றில் ஊற்றியபடியே கேட்டார்:

"அண்ணாச்சி, மீனாவக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தியளா?"

நான் பதில் சொல்லுமுன் மீனா எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள்.

"எதுக்குக் கேக்குதேன்னா, வாற பிசானத்துக்கு வயல் முழுசும் கரி போடலாம்னு இருக்கேன். ஒரு பூ வெள்ளாமைய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு அவளே சொல்லுதா. அவ இல்லாம எனக்குத் தைரியம் வராது அண்ணாச்சி."

சொதி நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

மாலை ரயிலுக்கு மீனா கூடவே வந்தாள். பிளாட்பாரத்தில் எங்களைத் தவிர நாலைந்து பேர். மேற்கே மலை நீலமாகிக்கொண்டிருந்தது. ரயில் வரும் சத்தம் கேட்டபோது என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "இன்னும் ஒரு பிசானம் இருந்து முடிச்சிட்டு வா."

அவள் என் கையைப் பிடித்தாள். "கூட்டிட்டுப் போகத்தான் வந்தீங்கன்னு தெரியும். நீங்க கேட்டிருந்தா வந்திருப்பேன். கேட்டுடக் கூடாதேன்னு காலையிலேர்ந்து வேண்டிக்கிட்டே இருந்தேன்."

ரயில் நகர்ந்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள், சிறியதாகிக்கொண்டே.

மறுநாள் காலை சென்னையில் பூட்டைத் திறந்தேன். வாசலோரம் அவள் வீட்டுச் செருப்பு கிடந்தது. எடுத்து உள்ளே வைக்கலாமா என்று குனிந்து, அப்படியே விட்டுவிட்டேன்.