முழு மதிப்பெண் வாங்கிய லிஃப்ட்காரர்

அந்தப் பக்கத்துத் தெருக்களில் அவளுக்கு நாற்காலிக்காரி என்று பெயர். ஒரு மருத்துவமனையின் முதியோர் ஆய்வுப் பிரிவுக்காக வீடு வீடாகப் போய் வயதானவர்களைச் சோதிப்பது அவள் வேலை. போகும்போதெல்லாம் ஒரு மடக்கு நாற்காலி தோளில் தொங்கும். வீட்டுக்கு வீடு நாற்காலியின் உயரம் மாறும். உயரம் மாறினால் எழுந்திருக்க ஆகும் நேரமும் மாறும். அதனால் எல்லாருக்கும் இந்த ஒரே நாற்காலிதான். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை உட்கார்ந்து எழ வேண்டும். அவள் எத்தனை நொடி என்று குறித்துக்கொள்வாள்.

"உட்காருங்கன்னு சொல்றே, சரி. உட்கார்ந்த உடனே எந்திரிங்கன்னா அது என்னம்மா மரியாதை?" என்று கேட்டார் ஒரு பெரியவர்.

நான்கு மீட்டர் நடந்து காட்டச் சொன்னதற்கு ஓர் அம்மா, "கடை மூடுற நேரத்து நடையா, சும்மா நடையா?" என்றார்.

"நீங்க எப்பவும் நடக்கிற நடைம்மா."

"அப்ப என் கையில ஒரு பையைக் குடு. பை இல்லாம நான் என்னைக்குடி நடந்தேன்?"

இப்படிப் பேசுகிறவர்களை அவளுக்குப் பிடிக்கும். கைப்பிடியின் பலம், நடையின் வேகம், ரத்த அழுத்தம் எல்லாம் சிரித்துக்கொண்டே முடிந்துவிடும். கடைசியில் நினைவுச் சோதனைத் தாளை எடுக்கும்போது மட்டும் அவள் சிரிப்பு நின்றுவிடும். அந்தத் தாளின் முதல் வரியில் ஐந்து சொற்கள் இருக்கின்றன. குடை, ஏணி, உப்பு, குதிரை, சாவி.

அவள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அப்பா ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். ஐந்து மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் இயக்கினார். "தினம் நூறு தடவை மேல போயிருக்கேன். ஒருத்தனாவது என்னை மேலிடம்னு கூப்பிட்டானா?" என்பார். ஓய்வு பெற்ற பிறகும், யாராவது வாசற்படி ஏறினால் எழுந்து கதவைத் திறந்து பிடிக்கிற பழக்கம் போகவில்லை.

வேலை கிடைத்த புதிதில் ஒரு மாதம் பயிற்சி. நினைவுச் சோதனைச் சொற்களை நொடிக்கு ஒன்றாக, ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசிக்க வேண்டும். அவளுக்கு மூன்றாவது சொல்லிலேயே நாக்கு குழறியது. மற்றவர்கள் இரண்டே நாளில் தேறிவிட்டார்கள். இத்தனை பாடுபட்டுப் படித்து ஐந்து சொல்லை வாசிக்கத் தெரியாமல் வீட்டுக்கு அனுப்பப்படுவோமோ என்ற பயத்தில், அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாத தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். 'ஒருவர் முன்பே கேட்டுவிட்டால் அந்தச் சொற்கள் அவருக்குச் செல்லாது' என்று பயிற்சியின் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அவள் அதை நோட்டில் எழுதி, கீழே கோடும் போட்டிருந்தாள்.

மூன்று வாரம், தினமும் மாலையில், அப்பாதான் அவளுக்கு நோயாளி. சட்டையை மாட்டிக்கொண்டு, தலை சீவி, சாப்பாட்டு மேசையில் எதிரே வந்து உட்காருவார்.

"கேளு பாப்பா."

முதல் நாள் இரண்டு சொல் சொன்னார். அடுத்த நாள் மூன்று. அப்புறம் தாமாகவே ஒரு வழி கண்டுபிடித்தார். சொற்களைத் தம் பழைய கட்டடத்தில் மாடிக்கு ஒன்றாக ஏற்றிவிட்டார். முதல் மாடியில் வக்கீல் ஆபீஸ், அவர் குடையை மறந்து விட்டுப் போவார். இரண்டாவதில் எப்போதும் வெள்ளையடிப்பு, ஆகவே ஏணி. மூன்றாவதில் சாப்பாட்டுக் கூடம், உப்பு. நான்காவதில் பந்தயப் பைத்தியம் பிடித்த மேனேஜர், குதிரை. ஐந்தாவதில் மொட்டைமாடிக் கதவு, அதன் சாவி அப்பாவின் இடுப்பிலேயே இருக்கும்.

"இனிமே சாகுற வரைக்கும் மறக்காது. நீ வேணா பாரு" என்றார்.

"நீங்க பரீட்சை எழுதியிருந்தா கலெக்டர் ஆகியிருப்பீங்க" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து. "அப்ப நானும் கார்ல போயிருப்பேன்."

தாளின் மற்றக் கேள்விகளும் அதற்குள் அப்பாவுக்கு மனப்பாடம். அவள் பயிற்சியில் தேறினாள். தாளைத் திரும்ப வைத்துவிட்டாள். யாருக்கும் தெரியாது.

ஏழு மாதம் கழித்து, ஆய்வுக்கான வீடுகளைக் குலுக்கிப் போட்டு எடுத்ததில் அவர்கள் வீடும் வந்தது. சொந்த வீட்டில் சோதனை எடுக்கக் கூடாது என்பதால் அவளோடு வேலை பார்க்கும் பெண் வந்தாள். எதையும் ஓட்டமாகவே செய்கிறவள் என்பதால் அவளை எல்லாரும் அவசரம் என்றே கூப்பிடுவார்கள். அப்பா சட்டை மாட்டி, தலை சீவித் தயாராக இருந்தார்.

தாளைத் தொடங்கும் முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு. "ஐயா, இந்தச் சோதனையை இதுக்கு முன்னாடி எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

அப்பா அடுப்படி வாசலில் நின்ற மகளை ஒரு முறை பார்த்தார்.

"இல்லம்மா" என்றார்.

அவள் வாயைத் திறந்திருந்தால் அந்த ஒரு நிமிடத்தோடு முடிந்திருக்கும். இரண்டாவது தாள், வேறு சொற்களோடு, அவசரத்தின் பையிலேயே இருந்தது. ஆனால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். தாள் வீட்டுக்கு வந்த கதை வெளியே வரும். அவள் கையிலிருந்த துணியால் ஏற்கெனவே துடைத்த தட்டை மறுபடி துடைத்தாள்.

முப்பதுக்கு முப்பது. "எங்க வட்டாரத்துலயே நீங்கதான் ஐயா முதல்" என்று சொல்லிவிட்டு அவசரம் அடுத்த வீட்டுக்கு ஓடினாள். இரண்டு வாரத்தில் மருத்துவமனை முத்திரையோடு கடிதம் வந்தது: நினைவாற்றல் இயல்பாக உள்ளது, மேற்கொண்டு பரிசோதனை தேவையில்லை. அப்பா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மகளின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். வாழ்க்கையில் அவர் தேறிய முதல் பரீட்சை.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. கேட்டதையே திரும்பக் கேட்டார். உப்புப் போட்டாயா என்று அம்மாவைக் கேட்டுவிட்டு, அவள் பதில் சொன்ன பிறகு, உப்புப் போட்டாயா என்றார். குளியலறையிலிருந்து வெளியே வந்து எந்தப் பக்கம் திரும்புவது என்று நின்றார்.

"அப்பாவை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டலாமாம்மா?" என்றாள் மகள்.

"எதுக்கு? உங்க ஆபீசே எழுதிக் குடுத்திருக்கே. வயசானா இதெல்லாம் இருக்கும். எனக்குந்தான் கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியல." அம்மா சுவரைக் காட்டினாள்.

அம்மாவாகவே ஒரு நாள் சந்தேகப்பட்டுத் தெருமுனை டாக்டரிடம் கூட்டிப் போனாள். அப்பா கடிதத்தைச் சட்டத்தோடு கையில் எடுத்துப் போயிருந்தார். டாக்டர் அதைப் படித்துவிட்டு, "முப்பதுக்கு முப்பதா! எனக்கே வராது" என்று அனுப்பிவிட்டார். இதை அம்மா சிரித்துக்கொண்டே சொன்னபோது, மகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினாள்.

நான்கு வீடு தள்ளி இருந்த தையல்காரருக்கு இருபத்து மூன்று வந்திருந்தது. ஒரே வாரத்தில் மூளைப் படம் எடுத்தார்கள். சிறு சிறு அடைப்புகள் என்று தெரிந்தது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள், மாதாமாதம் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்தும் அவர் அதே இருபத்து மூன்றில் நின்றார். அந்த எண்ணைப் படிவத்தில் எழுதியவள் அவள்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று பாடத்தில் படித்திருக்கிறாள். அது மட்டும் இல்லை, அது கணக்கும் போடும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டாள். தையல்காரருக்கு ஒரு வாரம். அப்பாவுக்கு ஒன்பது மாதம், பத்து மாதம், ஒரு வருடம்.

சொல்லிவிடலாம் என்று காலையில் கிளம்புவாள். வேலை போய்விடும் என்று மத்தியானம் தோன்றும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சுவரில் சட்டம். அதைக் கழற்றும்போது அப்பாவின் முகம் எப்படி இருக்கும் என்பதையும் தன் மௌனத்துக்கு ஒரு காரணமாகச் சேர்த்துக்கொண்டாள். உண்மையில் எந்தக் காரணம் பெரியது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. அதுதான் அவளை அதிகம் அரித்தது.

கடிதம் வந்த பதினைந்தாவது மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை அப்பா வீட்டில் இல்லை. பதினோரு மணிக்கு அவருடைய பழைய கட்டடத்துக் காவலாளி தொலைபேசியில் கூப்பிட்டார். அப்பா வேலைக்கு வந்திருந்தார். அந்தக் கட்டடத்தில் இப்போது தானியங்கி லிஃப்ட். அதற்குள் ஓரமாக நின்று, வருகிறவர்களை எந்த மாடி என்று கேட்டு, காலையிலிருந்து பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாராம்.

"யாரும் ஒண்ணும் சொல்லலைம்மா. நல்ல மனுஷன். ஆனா மதியம் சாப்பிடணும்ல, அதான் கூப்பிட்டேன்" என்றார் காவலாளி.

அப்பாவை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, அன்றைக்கே அவள் ஆய்வுப் பிரிவின் தலைமை டாக்டரம்மா அறைக்குப் போனாள். உட்காரச் சொன்னார். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள். தாளை எடுத்துப் போனது, மூன்று வாரம், மாடிகள், 'இல்லம்மா', துடைத்த தட்டு.

டாக்டரம்மா பேனா மூடியைத் திருகினார்.

"நாலாயிரம் பேரை வச்சு நடக்கிற ஆய்வு. ஒரு தப்பு நம்பரை எடுத்துட்டா ஆய்வுக்கு ஒண்ணும் ஆகப் போறதில்ல" என்றார். "ஆனா அந்த ஒரு நம்பரை நம்பித்தான் உங்கப்பாவுக்கு வைத்தியமே பாக்காம விட்டிருக்கு. அது புரியுதா?"

"புரியுது மேடம்."

"நாளைக்குக் கூட்டிட்டு வா. வேற தாள்ல பாத்துட்டு, அப்படியே மூளைப் படம் எடுத்துடலாம்."

"அப்பவே பாத்திருந்தா, மேடம்?"

"தெரியாது. நின்னிருக்கலாம். நிக்காமலும் போயிருக்கலாம். உனக்கு ஆறுதலா ஒண்ணைச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனா தெரியாததைத் தெரியும்னு நானும் எழுதிக் குடுக்கக் கூடாதுல்ல?" பேனாவை மூடினார். "விசாரணை முடியிற வரைக்கும் நீ வீடுகளுக்குப் போக வேண்டாம். நாற்காலியை ஸ்டோர்ல ஒப்படைச்சிடு."

தோளில் எடை இல்லாமல் வீட்டுக்கு நடந்தபோது அவளுக்கு நடையே கோணலாக வந்தது. அம்மாவிடமும் சொன்னாள். அம்மா திட்டவில்லை. சுவரிலிருந்த சட்டத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, "நான் டாக்டர்கிட்ட வேற அதோட கூட்டிட்டுப் போனேனே" என்றாள். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

மறுநாள் அப்பா சட்டை மாட்டி, தலை சீவி வந்தார். மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் சோதனை அறை. அவள் வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும். கதவு சரியாக மூடவில்லை. உள்ளே புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, ஏற்ற இறக்கம் இல்லாமல், நொடிக்கு ஒன்றாக வாசித்தாள். படகு, ஊசி, தேன், கதவு, பந்து. குழறாமல் வாசித்தாள்.

பிறகு நடுவில் வேறு கேள்விகள். கிழமை கேட்டதற்கு அப்பா, "ஆபீஸ் நாள்தான்" என்றார். ஐந்து நிமிடம் போனது.

"ஐயா, முதல்ல ஐந்து வார்த்தை சொன்னேனே, அதையெல்லாம் சொல்லுங்க பாப்போம்."

அப்பாவின் குரல் தெளிவாக, தயக்கமே இல்லாமல் வந்தது. "குடை. ஏணி. உப்பு. குதிரை. சாவி."

தாளில் பேனா கீறுகிற சத்தம் வந்தது. ஐந்து கட்டங்களிலும் பூஜ்யம் எழுதுகிற நேரம் எவ்வளவு என்று வெளியே இருந்தவளுக்குத் தெரியும்.

வெளியே வந்ததும் அப்பா மகளின் காதருகே குனிந்தார். "அந்தப் பொண்ணு வேற ஏதோ வார்த்தை சொல்லிக் குழப்பிப் பாத்துச்சு பாப்பா. நான் ஏமாறல. நம்ம வார்த்தைதான் சொன்னேன்."

அவள் தலையை ஆட்டினாள்.

"உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?"

அன்று அடுப்படி வாசலைப் பார்த்தாரே, அந்தப் பார்வை இதைத்தான் கேட்டது. அவள்தான் அப்போது பதில் சொல்லவில்லை.

"அந்த வார்த்தை இன்னைக்கு இல்லப்பா" என்றாள். "அது நான் செஞ்ச தப்பு. நீங்க அன்னைக்கு எடுத்த மார்க்கும் செல்லாது. உங்களுக்கு உடம்பு சரியில்ல. நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

அப்பா அவள் முகத்தையே பார்த்தார். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியவில்லை. "சரி, அழாத. திரும்ப எழுதிக்கலாம்" என்றார்.

மூளைப் படம் எடுக்கும் இடம் ஒரு மாடி மேலே இருந்தது. லிஃப்ட் திறந்ததும் அப்பா முதலில் உள்ளே போய்ப் பொத்தான்களுக்குப் பக்கத்தில் முதுகை நிமிர்த்தி நின்றார். மகளையும், பின்னால் வந்த தாதியையும் ஒரே மாதிரிப் பார்த்தார்.

"எந்த மாடிம்மா?"

"மூணு" என்றாள் அவள்.

"மூணு" என்று அவர் பொத்தானை அழுத்தினார். கதவு மூடும்போது, யாரிடமும் இல்லாமல், "உப்பு" என்றார்.