கிணற்று நீரில் அளந்த புளி

படிப்பவரே, நீங்கள் சாட்சியாக இருங்கள். எனக்கு வழக்கறிஞர் வேண்டாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், கல்லூரியில் வேதியியலும் மேடைப் பேச்சும் ஒருங்கே பயின்ற நான், தென்காசியில் புளி விற்ற ஒரு விதவையின் பிழைப்பை ஒரே மாலையில் அழித்தேன்.

ஆய்வுக்கூடத்து முறை எளியது. நிறங்காட்டி கலந்த அமிலத்தில் காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு தோன்றி நிலைத்ததும் நிறுத்த வேண்டும். செலவான காரமே புளிப்பின் அளவு. ஆனால் புளிக்கரைசலின் கருமையில் அந்தச் சிவப்புத் தெரியாது. ஆகவே சிறிது புளியை நிறையத் தண்ணீரில் கொதிக்கவைத்து, வடிகட்டி, வெளிறச் செய்து அளந்தேன். இந்த மாற்றம் என் மூளையில் உதித்தது என்ற கர்வம் எனக்கு. குற்றாலத்தில் தங்கியிருந்தபோது மூன்று கடைகளின் புளியை அருவி நீரில் அளந்தேன். அந்த அம்மாளின் புளியை மட்டும் தென்காசி வாசகசாலைக் கிணற்று நீரில் அளந்தேன். இரண்டும் எனக்குத் தண்ணீர்தான். புளிப்புப் பாதியே இருந்தது.

வாசகசாலைக் கூட்டத்தில் "கலப்படம்" என்று முழங்கினேன். பின்வரிசையிலிருந்து அந்த அம்மாள் எழுந்தார்.

"தம்பி, இந்தக் கிணத்துத் தண்ணியில பருப்பே வேகாது. ரசத்துக்குக்கூட ஒரு பிடி புளி சேத்துத்தான் போடுதோம். அதுலயா அளந்தீரு?"

"ஏலே, அக்கா காலேசுப் பாடம்லா நடத்துதா!" என்றான் ஒருவன்.

கையை உயர்த்திச் சிரிப்பை அடக்கினேன், அதைவிடப் பெரிய சிரிப்புக்காக. "பருப்பு வேகாததற்கும் தண்ணீர், புளி புளிக்காததற்கும் தண்ணீர்! நாளை எடை குறைந்தால் தராசும் தண்ணீர் குடித்தது என்பீர்களோ?"

கரவொலி அடங்க வெகுநேரமாயிற்று.

மறுவாரம் கல்லூரியில், மீதிப் புளியைக் காய்ச்சி வடித்த நீரில் அளந்தேன். மற்ற மூன்றுக்கும் அது இம்மியும் குறைவில்லை. கிணற்று நீரின் சுண்ணாம்பு, நான் அளக்குமுன்னரே புளிப்பைத் தின்றிருந்தது. ஊரின் அடுப்படிகள் அனைத்தும் அறிந்திருந்ததைத்தான் நான் கேலி செய்திருந்தேன்.

தென்காசிக்கு ஓடி வந்தேன். சாப்பாட்டுக் கடைகள் அவரிடம் வாங்குவதை நிறுத்தியிருந்தன. சுரண்டையிலுள்ள தமையன் வீட்டுக்கு அவர் வண்டியேறிக்கொண்டிருந்தார். தவறு என்னுடையது என்றேன்.

"ஊரே கேக்கச் சொன்னீரு. இப்ப என் காதுல மட்டும் வந்து சொல்லுதீரே, இதை வச்சு நான் என்ன செய்ய?"

வண்டி மறைந்த பிறகே, கேட்பாரில்லாத அத்தெருவில் வாய்விட்டுச் சொன்னேன், இன்றுவரை நான் காப்பாற்றாத வாக்கு அது: "அடுத்த கூட்டத்தில் எழுந்து, புளி நல்லது, பிழை என்னுடையது என்று மட்டும் சொல்வேன், கைதட்டு விழும்படி ஒரு சொல்லும் சேர்க்கமாட்டேன்."