லயம் முழுக்கப் பிரம்மச்சாரிகள்

மலாயாவுக்குச் சுதந்திரம், எங்கள் பேச்சில் மெர்டேக்கா, கிடைத்து ஓரிரண்டு வருடம் ஆகியிருக்கும். கெடாவில், கரங்கான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தேன். கல்யாணமான மூன்றாம் மாதம் மனைவியை ஊரில் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தவன் நான். எந்தத் தோட்டத்திலும் ஒரு வருடம் நிலைத்ததில்லை. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அறையைக் காட்டியதும், இங்கே அவள் அடுப்பை எந்தப் பக்கம் வைப்பாள் என்று பார்ப்பேன். மனதுக்கு ஒப்பாவிட்டால் சில மாதங்களில் பெட்டியைத் தூக்கிவிடுவேன். அவள் பார்க்காத அறைகளை அவளுக்காக வேண்டாமென்று சொல்லியே வருடங்கள் போயின.

அப்போதுதான் குடிநுழைவுச் சட்டம் இறுகப்போகிறது என்ற பேச்சு வந்தது. நிரந்தரவாசியாக இருப்பவன் மனைவியை அழைத்துக்கொள்ளலாம். ஆனால் அதிக காலம் பிரிந்திருந்தால் இனி அனுமதி கிடைக்காதாம். மறுநாளே வேலைக்குப் போகாமல் சுங்கைப் பட்டாணிக்கு பஸ் ஏறினேன்.

அலுவலகத்தில் இருந்த குமாஸ்தா யாழ்ப்பாணத்துக்காரர். என் பழைய தாள்களைப் புரட்டிவிட்டு, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"கலியாணம் ஆகேல்லை எண்டு நீர்தானே சொல்லியிருக்கிறீர். இப்ப மனுசி எங்கயிருந்து வந்தவ?"

உண்மைதான். வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் போட்டிருந்த சமயம், அடையாளக் கார்டு எழுத ஆட்கள் தோட்டத்துக்கு வந்தபோது, ஊரில் பெண்டாட்டி உள்ளவனைத் திருப்பிக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று லயத்தில் ஒரு வதந்தி. வரிசையில் முதலில் நின்றவன் "ஆகலைங்க" என்றான். பின்னால் நின்ற நாங்கள் அத்தனை பேரும் அதையே சொன்னோம். பக்கத்தில் இருந்த தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி, "ஏன்டா, உங்கள்ல ஒருத்தனுக்குக்கூட எவனும் பொண்ணு குடுக்கலியா?" என்று கேட்டார். நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

கல்யாணத்தை நேரில் பார்த்த ஒருவர் வந்து சத்தியம் செய்து கொடுத்தால் மனுவை வாங்கிக்கொள்வதாகக் குமாஸ்தா சொன்னார். இந்த நாட்டில் அப்படி ஒரே ஆள்தான் இருந்தார். என் சகலை. அக்காவை அவரும் தங்கையை நானும் ஒரே நாளில் கட்டினோம், ஒரே கப்பலில் வந்தோம். கார்டு எழுதிய அன்று அவரும் அந்த வரிசையில் நின்றவர். பிறகு தோட்ட வேலையை விட்டு, தஞ்சோங் டாவாயில் நெத்திலி காயவைக்கும் கொட்டகைக்குப் போய்விட்டார்.

தேடிப் போனேன். ஒரு பெண் எனக்குக் கோப்பி கொண்டுவந்து வைத்தாள். அவள் இடுப்பில் இருந்த குழந்தைக்கு அப்படியே சகலையின் மூக்கு. வந்த காரியத்தை மட்டும் சொன்னேன். அவர் மீனைப் பரப்பிக்கொண்டே இருந்தார். அவள்தான் பேசினாள்.

"போய்ட்டு வாங்க லா. அந்தப் பொண்ணு இன்னும் எத்தன வருசம் தனியா கெடக்கும்?"

பஸ்ஸில் அவர் என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "அவளுக்கு எல்லாம் தெரியும் சகலை. ஊர்க் கல்யாணம் எழுத்துல இல்லேன்னுதான் கொஞ்சம் தெம்பா இருந்தா."

குமாஸ்தா அவரிடம் கேட்டார்: "நீர் அந்தக் கலியாணத்தில ஆர்?"

"நானும் மாப்பிள்ளைங்க. அதே பந்தல்ல எனக்கும் கல்யாணம்."

"உம்மட கார்டிலயும் ஆகேல்லை எண்டுதானே கிடக்கு?"

"அது பொய்ங்க. ரெண்டு பேரும் சொன்ன பொய்."

பேனா நின்றது. பிறகு குமாஸ்தா, கொஞ்சம் குரலைத் தணித்து, "அப்ப உம்மட மனுசிக்கும் சேர்த்து மனுப் போடுவமே?" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்.

சகலை, "வேணாங்க" என்றார். அதிகாரி முன்னால் சத்தியப் பத்திரத்தில் கட்டைவிரலை ஒற்றிவிட்டு, மையைத் துடைக்காமலே வெளியே வந்தார். பஸ் நிலையத்தில் என்னிடம் ஒன்றுதான் சொன்னார்: "உன் வூட்டுக்காரி கேட்டா மறைக்காத."

சில மாதங்களில் அவள் பினாங்கில் வந்து இறங்கினாள். இளைத்துப்போயிருந்தாள்; நடையை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். லயத்துக்கு வந்து பெட்டியைத் திறந்ததும், மேலே இருந்த இரண்டு சேலைகளை எடுத்துத் தனியாக வைத்தாள்.

"இது அக்காவோடது. நான் வந்து சேர்ந்ததும் மாமா அவளுக்கும் எழுதிப் போடுவாராம்ல? வரும்போது சுமை குறையட்டும்னு இப்பவே குடுத்தனுப்பிட்டா. மாமா எங்க இருக்காங்க?"

கேட்டுவிட்டாள். சொன்னேன். அன்று அவள் சாப்பிடவில்லை. அந்தச் சேலைகளை அவள் கட்டவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை.

இப்போதும் கார்டு, மனு என்று யாராவது யோசனை கேட்டால், உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்கிறேன். ஆனால் சகலை உள்ளதைச் சொன்ன அன்று எனக்கு ஒரு குடும்பம் வந்தது, அதே மேசையில் என் மனைவியின் அக்காவுக்குக் காத்திருக்க ஆளில்லாமல் போனது என்று நினைக்காமல் ஒரு தடவைகூட அதைச் சொல்ல முடிந்ததில்லை.