பூட்ஸைக் கழற்றச் சொன்னவர்

முப்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம், மதராஸிலிருந்து வந்த, விமானம் ஓட்டப் பழக்கும் ஒரு சங்கம் அஞ்சுகிராமத்துக்கு அப்பால் ஒரு பொட்டலில் பயிற்சி முகாம் போட்டது. சேர்ந்தவர்களில் நான் ஒருவன்தான் உழவன் வீட்டுப் பிள்ளை. விமானத்தில் முன்னால் ஆசிரியர், பின்னால் மாணவன். அவர் பேசுவது ஒரு ரப்பர் குழாய் வழியாக நேரே நம் காதுக்குள் வரும். தப்பிக்க வழியே கிடையாது.

என் முதல் ஆசிரியர் ஒரு வெள்ளைக்காரர். ஏறியதிலிருந்து இறங்கும்வரை கத்துவார். அவர் கத்தக் கத்த என் கால் விறைத்துப்போகும். விமானத்தின் வாலைத் திருப்புவதோ காலடியில் இருக்கும் கட்டை. தரையில் ஓட்டினால்கூட என் விமானம் கள் குடித்தவன்போல்தான் போகும். மூன்றாம் வாரம், இவன் தேறமாட்டான் என்று எழுதிக்கொடுத்துவிட்டார். நான்கு நாளில் தனியாகப் பறக்காவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்பாவோடு சண்டை போட்டு வந்தவன் நான். எந்த முகத்தோடு திரும்புவது?

அந்த நான்கு நாளுக்கு என்னை இன்னொருவர் தலையில் கட்டினார்கள். தக்கலைக்காரர், மிஷன் பள்ளிக்கூட வாத்தியாரின் மகன். முதல் நாள் அவர் விமானத்தில் ஏறவே இல்லை. இறக்கை நிழலில் உட்கார்ந்து கேட்டார்.

"வீட்டுல என்ன வேல பாத்த மக்கா?"

"வயல்ல மரமடிப்பேன் சார்."

நடவுக்கு முன் சேற்றைச் சமப்படுத்த, மாடுகள் இழுக்கும் 'மரம்' என்ற பலகைமேல் ஏறி நிற்பதுதான் மரமடி. எந்தப் பக்கம் காலை அழுத்துகிறோமோ அந்தப் பக்கம் பலகை திரும்பும்.

"பூட்ஸு போட்டுக்கிட்டா மரத்துல நிப்ப?"

"வயலுக்குள்ள செருப்போட யாராவது எறங்குவாவளா சார்?"

விழுந்து விழுந்து சிரித்தார். "பொறவு இதுல எதுக்குலே பூட்ஸு? கழத்திப் போடு."

துரைமார் மெச்சவேண்டும் என்று, கால் புண்ணான பிறகும் அதைக் கழற்றாமல் இருந்த முட்டாள் நான். மறுநாள் வெறுங்காலை வைத்ததும் கட்டை சொன்னபடி கேட்டது. தப்புச் செய்தால் குழாயில், "பரவால்ல, இன்னொருக்கா" என்று மட்டும் வரும். தரை நெருங்கும்போது, நான் எதையும் தொடவில்லை பார் என்று இரண்டு கைகளையும் வெளியே தூக்கிக் காட்டுவார். எனக்கு அந்த மனிதரை அவ்வளவு பிடித்துப்போயிற்று.

நான்காம் நாள் காலை, ஒரு சுற்று முடிந்து தரைக்கு வந்ததும் அவர் மட்டும் இறங்கிக்கொண்டார். "நீ போயிட்டு வா மக்கா. நான் ஒரு சாயா குடிக்கேன்."

தனியாக ஒரு சுற்று சுற்றி, ஒரே ஒரு குதியோடு தரையிறங்கினேன். வெள்ளைக்காரர்கூட ஓடிவந்து கை கொடுத்தார்.

என் ஆசிரியர் மெல்ல நடந்து வந்தார். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. டம்ளரில் சாயா ஒரு வாய்கூடக் குறையாமல் ஆடை கட்டியிருந்தது. நான்கு நாளும் என்னைவிட அதிகம் பயந்தவர் அவர்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.